வண்டி எடுக்க நேரமாகுதா? முதலில் காது கொடுத்துக் கேட்போம்



கறவை மாடு, தையல், கணக்கு நோட்டு என்று இந்தப் பக்கத்தில் பல பாடம் பார்த்துவிட்டோம். இந்த இதழில் கார், வேன், சின்ன லோடு வண்டி பற்றிப் பார்க்கலாம். நம் கூட்டமைப்பில் கடன் வாங்கி வண்டி எடுத்த குடும்பங்கள் இப்போது நிறைய. சில வீட்டில் வீட்டுக்காரரோ மகனோ ஓட்டுகிறார். சில வீட்டில் நம் சகோதரியே லைசென்ஸ் எடுத்து ஓட்டுகிறார். கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்குத் தக்காளி, ஆனைமலைப் பக்கமிருந்து இளநீர், தேங்காய், காலையில் ஸ்கூல் பிள்ளைகள் என்று ஓட்டம் போய்க்கொண்டே இருக்கிறது.

மாதக் கூட்டத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "ஏனுங்கக்கா, வண்டி காலைல எடுக்கவே மாட்டேங்குது. ரொம்ப நேரம் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகுது." கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் விடிகாலையில் மார்க்கெட்டில் ஏலம் நடக்கும் நேரத்துக்கு லோடு போகாவிட்டால் அன்றைக்கு விலையே வேறு. ராத்திரி பிரசவ வலி வந்து கோயமுத்தூருக்குப் போகவேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம். வண்டி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தவணைத் தேதி நமக்காக நிற்காது.

இந்தப் பாடத்தைப் படித்து எல்லாரும் மெக்கானிக் ஆகிவிடப் போவதில்லை. கடைக்குப் போகும் முன் கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நமக்கே ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் போனால் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பார்கள், பணம் நம்முடையது.

இரண்டு நோய், ஒரே பேர்

"லேட்டா ஸ்டார்ட் ஆகுது" என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு வேறு கோளாறு ஒளிந்திருக்கிறது. சாவியைத் திருப்பும்போது ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, சத்தத்தை மட்டும் கேளுங்கள்.

முதல் வகை: "ர்ர்ர்... ர்ர்ர்... ர்ர்ர்" என்று எஞ்சின் சோம்பலாகச் சுற்றும். கிணற்று மோட்டாருக்கு லோ வோல்டேஜ் வந்தால் எப்படி உறுமுமோ அந்த மாதிரி. சில சமயம் சுற்றாமலே "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். இது கரண்ட் பக்கத்துக் கோளாறு. பேட்டரி, டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார் இவற்றில் ஏதோ ஒன்று.

இரண்டாம் வகை: எஞ்சின் நல்ல வேகமாகத்தான் சுற்றுகிறது. "கிர்கிர்கிர்கிர்" என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. ஏழெட்டு விநாடி கழித்துத்தான் உயிர் வருகிறது. இங்கே பேட்டரி மேல் தப்பில்லை. பெட்ரோலோ டீசலோ சரியாக வந்து சேரவில்லை, அல்லது பற்றவில்லை.

இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. முதல் வகைக்கு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போகவேண்டும், இரண்டாவதுக்கு மெக்கானிக்கிடம். ஊரில் இரண்டும் வேறு வேறு கடை.

செல்ஃப் வருவதற்கு முன்

நம் தாத்தா காலத்து வண்டிக்கு முன்னால் இரும்பு ஹேண்டிலை மாட்டிச் சுற்றினால்தான் எஞ்சின் கிளம்பும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் ஹேண்டில் திரும்பி அடித்து மணிக்கட்டே முறிந்துபோகும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் உருவாக்கிய மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912-ஆம் வருடத்துக் காடிலாக் கார்களில் வந்தது. பெண்கள் தைரியமாகப் பெட்ரோல் கார் ஓட்ட ஆரம்பித்ததற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

நம் பக்கம் 1920-ல் ஜி.டி. நாயுடு அவர்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸை வைத்துத்தான் தொழிலை ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, கரி வாயுவில் பஸ் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். வண்டியோடு இருந்த உலையில் கரியைப் பற்றவைத்து, கிளீனர் கையால் விசிறியைச் சுற்று சுற்று என்று சுற்றி, வாயு கிளம்பிய பிறகுதான் எஞ்சின் எடுக்கும். அதை நினைத்தால் நம்ம வண்டி பத்து விநாடி இழுப்பது ஒன்றுமே இல்லைதான். ஆனால் மார்க்கெட்டில் அந்தச் சமாதானம் செல்லாது.

முதல் வகை: சோம்பலாகச் சுற்றினால்

செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றும் அந்த இரண்டு மூன்று விநாடியில் சின்னக் காருக்கே 100 ஆம்பியருக்கு மேல் கரண்ட் இழுக்கும். டீசல் வண்டி இன்னும் அதிகம். இரண்டு மூன்று மிக்ஸி ஒன்றாக ஓடுகிற அளவு பவர், அதுவும் 12 வோல்ட்டில். அதனால்தான் பேட்டரி வயர் மட்டும் விரல் தடிமன் இருக்கிறது. இவ்வளவு கரண்ட் போகிற வழியில் கொஞ்சம் துரு, கொஞ்சம் வெள்ளைப் பொடி, ஒரு லூஸ் நட்டு இருந்தால் போதும், வோல்ட் அங்கேயே செத்துவிடும். சொட்டு நீர்க் குழாயில் உப்பு அடைத்தது மாதிரிதான். தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கும், கடைசித் தென்னைக்குப் போய்ச் சேராது.

காசில்லாத சோதனை ஒன்று. இருட்டில் வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு, செல்ஃப் அடித்துப் பாருங்கள். சில புது வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் தானாக அணைந்துவிடும், அங்கே உள் விளக்கை வைத்துப் பார்க்கலாம். வெளிச்சம் அப்படியே மங்கி அணைகிற மாதிரி போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் பிடிப்பு இல்லை. வெளிச்சம் அப்படியே இருக்க, "டக்" சத்தம் மட்டும் வந்தால் கரண்ட் செல்ஃப் மோட்டாருக்குள் போகவில்லை. அதன் சுவிட்ச், கார்பன் பிரஷ், எர்த் இவற்றைப் பார்க்கச் சொல்லவேண்டும். எந்தச் சத்தமும் இல்லை என்றால் சாவி சுவிட்ச் அல்லது ரிலே. கிளட்ச்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் வண்டி என்றால் அந்தச் சுவிட்சும் கோளாறாக இருக்கலாம்.

அடுத்து பானெட்டைத் திறந்து டெர்மினலைப் பார்க்கவேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கிறதா? கையால் திருகினால் கிளிப் அசைகிறதா? அசையவே கூடாது. சுத்தம் செய்வது நாமே செய்யக்கூடிய வேலைதான், ஆனால் சில கட்டுப்பாடு உண்டு. வளையல், மோதிரம் கழற்றி வையுங்கள். தாலிக்கொடி, சங்கிலியை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரிமேல் உலோகம் படுவது விளையாட்டல்ல, ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து தோலைப் பொசுக்கிவிடும். முந்தானையைச் செருகி, கூந்தலை முடிந்துகொள்ளவும். எஞ்சின் ஓடும்போது பெல்ட் பக்கம் கையே போகக்கூடாது. சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதனால் பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஆகாது. இது வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான்.

கழற்றும்போது கறுப்பு மைனஸ் முதலில், மாட்டும்போது கறுப்பு கடைசியில். வண்டியின் பாடி முழுக்க மைனஸோடு சேர்ந்தது. மைனஸைக் கழற்றாமல் சிவப்பில் ஸ்பானர் வைத்து, அது பாடியில் பட்டால் பொறி பறக்கும், அதற்காகத்தான் இந்த வரிசை. வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் பொடி நுரைத்துக் கரையும். பேட்டரி மூடிக்குள் மட்டும் அது இறங்கவே கூடாது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்பீர்கள். நம்ம ஊர் எண்ணெய்தான், ஆனால் எஞ்சின் சூட்டில் ஒழுகிப் போய்விடும். வாஸ்லினே நல்லது.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் உள்ளே தகடு மூழ்கி இருக்கவேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீர், குடிக்கிற கேன் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

மீட்டர் வைத்துப் பார்ப்பது

மல்டிமீட்டர் என்று சின்னப் பெட்டி எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. திருகை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொட வேண்டியதுதான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்கும் கீழே என்றால் காலி. இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேலே நின்றால் நல்லது, 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தாங்கவில்லை. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை இருக்கவேண்டும். அது 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்று அர்த்தம். அப்போது புதுப் பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் இறங்கிவிடும். சில புது மாடல்களில் பேட்டரி நிறைந்த பிறகு சார்ஜைக் கம்ப்யூட்டரே குறைத்துவிடும், எனவே ஸ்டார்ட் ஆன உடனே பார்ப்பது சரி.

நம் கூட்டமைப்பில் ஒரு சகோதரிக்கு நடந்ததை, அவர் அனுமதியோடு பேர் சொல்லாமல் எழுதுகிறோம். உள்கடன் வாங்கி எடுத்த பழைய வேன். மார்கழியில் காலையில் இழுக்க ஆரம்பித்தது. ஒரு கடையில் சோதிக்காமலே "பேட்டரி போச்சு" என்றார்கள். மாற்றினார். மூன்று வாரம் நன்றாக எடுத்தது, பிறகு அதே கதை. இன்னொரு கடையில் செல்ஃப் மோட்டாரை மாற்றினார்கள். சில நாள் பரவாயில்லை, மறுபடி இழுப்பு. அதற்குள் மூன்று மாதத் தவணைக்கான பணம் போய்விட்டது. கடைசியாக ஒரு வயதான எலக்ட்ரீஷியன் எதையும் கழற்றவில்லை. ஜம்பர் வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் மாட்டி, "இப்ப அடிங்க அம்மிணி" என்றாராம். ஒரே சுற்றில் எடுத்தது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை, அடியில் மண்ணும் ஈரமும் சேர்ந்து அரித்துப் போயிருந்தது. அதை மாற்ற ஆன செலவு பேட்டரி விலையில் ஒரு சின்னப் பங்குகூட இல்லை.

புதுப் பேட்டரி போட்டதும் ஏன் மூன்று வாரம் எடுத்தது? புதுப் பேட்டரிக்குத் தெம்பு அதிகம். வழியில் இழப்பு இருந்தாலும் மிச்சம் இருப்பதை வைத்துச் சுற்றிவிடும். சார்ஜ் கொஞ்சம் குறைந்ததும் பழைய கோளாறு வெளியே தெரிகிறது. ஆகவே "மாற்றினேன், சரியாச்சு" என்பதை நம்பி உடனே முடிவு கட்டக்கூடாது.

அதற்காகப் பேட்டரி சாகவே சாகாது என்று சொல்லவில்லை. நம் வெயிலில் 3 முதல் 5 வருடம் உழைத்தால் அது நல்ல உழைப்பு. ஒரு விஷயம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்: பேட்டரியைக் கெடுப்பது சித்திரை வெயில், காட்டிக்கொடுப்பது மார்கழிக் குளிர். சூட்டில் உள்ளே தகடு அரித்துப் போகிறது. குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, சுற்ற அதிகத் தெம்பு கேட்கும்போதுதான் தெரிய வருகிறது. வால்பாறைக்கு வண்டி ஏற்றிப் போய் ராத்திரி தங்குபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பேட்டரி நல்லது, இரண்டு நாள் நிறுத்தினால் மட்டும் இறங்குகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. வெளியில் வாங்கி மாட்டிய பாட்டுப்பெட்டி, ஜி.பி.எஸ்., அணையாத டிக்கி விளக்கு இவைதான் முதல் சந்தேகம். அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி உள்ள சின்னப் பேட்டரி மூன்றாம் நாள் காலி. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கும் பேட்டரி நிறைய நேரம் கிடைக்காது.

இரண்டாம் வகை: நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால்

பெட்ரோல் கார் என்றால் இப்படிச் செய்து பாருங்கள். சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல் ஆன் நிலையில் வையுங்கள். பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று பம்ப் சத்தம் கேட்கும். அணைத்து, மறுபடி ஆன் செய்து, அதன் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். இப்படிச் செய்தால் உடனே எடுக்கிறது, நேரடியாக அடித்தால் இழுக்கிறது என்றால், ராத்திரியில் பெட்ரோல் லைனின் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்ப்பில் உள்ள வால்வு தேய்ந்திருக்கலாம், இன்ஜெக்டர் கசியலாம். பெட்ரோல் வாடை வந்தால் தள்ளிப் போடாதீர்கள், அது தீப்பிடிக்கும் சமாச்சாரம். பம்ப் சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே பார்க்கச் சொல்லலாம். அழுத்தம் சரியாக இருந்தால் ஸ்பார்க் பிளக், த்ராட்டிலில் படிந்த கரி, சென்சார் என்று மெக்கானிக் பார்த்துக்கொள்வார். டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போட்டு அந்தக் கோடு நம்பரை நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கி 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. குளிரில் அந்தச் சூடு போதாமல் போகும். அதற்காகவே ஹீட்டர் பிளக் என்கிற குளோ பிளக். சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் சுருள் மாதிரி மஞ்சள் விளக்கு எரிகிறதே, அது அணையும் வரை காத்திருக்கவேண்டும். நம் ஆட்கள் பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை, ஏறி உட்கார்ந்ததும் அடிக்கிறார்கள். காத்திருந்தும் இழுத்து, எடுத்ததும் வெள்ளைப் புகை விட்டுத் தடதடத்தால் குளோ பிளக்கைச் சோதிக்கவேண்டும்.

டீசலில் இன்னொரு தொல்லை காற்று. ரப்பர் ஓஸில் வெடிப்பு, ஃபில்டர் வாஷர் பழுது என்றால் ராத்திரியில் காற்று புகுந்து டீசல் டாங்க்குக்குத் திரும்பிவிடும். ஒரு நாள் வண்டி மூக்கு மேடு பார்த்தும், ஒரு நாள் பள்ளம் பார்த்தும் நிறுத்துங்கள். மேடு பார்த்த அன்று மட்டும் இழுத்தால் இந்தச் சந்தேகம் வலுக்கிறது. ஃபில்டர் அடியில் தண்ணீர் திறந்துவிடும் திருகு உள்ள வண்டியில், கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தேங்கும்.

நம்ம பகுதிக்கே உள்ள ஒரு விஷயம் நார் மில் தூசி. மில் வாசலில் நின்று லோடு ஏற்றும் வண்டிகளின் ஏர் ஃபில்டரைத் திறந்தால் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும். ஸ்டார்ட்டைவிட இழுவையும் மைலேஜும்தான் முதலில் அடிபடும், ஆனால் ரொம்ப அடைத்தால் எடுக்கவும் தகராறு செய்யும். கம்பெனி சொல்லும் கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல், மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது.

காலையில் நன்றாக எடுத்து, ஓடி நிறுத்திய பிறகு சூட்டில் மட்டும் இழுக்கும் வண்டியும் உண்டு. செல்ஃப் மோட்டார் தேய்மானம், சூட்டில் கோளாறு காட்டும் கிராங்க் சென்சார் என்று அதன் காரணங்கள் வேறு. "சூட்டில்தான் இப்படி" என்று கடையில் மறக்காமல் சொல்லவேண்டும்.

அவசரத்தில்

எடுக்கவில்லை என்று ஒரேயடியாகச் செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். 10 விநாடிக்கு மேல் வேண்டாம். அரை நிமிடம், ஒரு நிமிடம் விட்டு மறுபடி. இல்லாவிட்டால் பேட்டரியும் இறங்கி, செல்ஃப் காயிலும் கருகும். கியர் போடும் வண்டியைத் தள்ளி இரண்டாம் கியரில் எடுக்கலாம், ஆட்டோமேட்டிக் வண்டியில் அது நடக்காது. வேறு வண்டியிலிருந்து ஜம்பர் போட்டால் சிவப்பு முதலில் நம் பேட்டரி பிளஸ், பிறகு அவர்கள் பிளஸ், அடுத்து கறுப்பு அவர்கள் மைனஸ், கடைசி முனை நம் எஞ்சின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. எடுத்த பிறகு இதே வரிசையைத் திருப்பிக் கழற்றவேண்டும்.

கடைக்குப் போகும்போது

குழுவில் நோட்டு எழுதுவது நமக்குப் பழக்கம்தானே. வண்டிக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, காலையா சூட்டிலா, எத்தனை விநாடி இழுத்தது, வேகமாகச் சுற்றியதா சோம்பலாகவா, மீட்டர் எவ்வளவு. ஒரு வாரம் எழுதிக்கொண்டு போய்க் காட்டினால் கடைக்காரர் பேசும் விதமே மாறும். "பேட்டரி மாத்தணும்" என்றால், "சோதிச்சுக் காட்டுங்க, எவ்வளவு வோல்ட் விழுது?" என்று கேட்கலாம். மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பேட்டரி மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் உத்தரவாதக் கார்டில் தேதி எழுதி, கடை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு இல்லாமல் பிறகு பேச முடியாது. பழைய பேட்டரியில் ஈயம் இருக்கிறது, அதற்கு விலை உண்டு, புதியதின் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது முறையான மறுசுழற்சிக்குத்தான் போகவேண்டும். பழைய இரும்புக்காரர் கொஞ்சம் கூடத் தருகிறார் என்று அவரிடம் போடாதீர்கள். உடைத்து ஆசிடை மண்ணில் ஊற்றினால் அது நம் கிணற்றுக்குத்தான் வரும்.

கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஜோடி ஜம்பர் வயரும் வாங்கி வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் குழுப் பிரதிநிதி மூலம் பதிவேட்டில் கையெழுத்திட்டு எடுத்துப் போகலாம், இரண்டு நாளில் திருப்பித் தரவேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வண்டியில் வருபவர்கள் அரை மணி முன்னதாக வாருங்கள், வாசலிலேயே எல்லா வண்டிக்கும் மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம்.